ஆறு மாதம் கழித்து அந்தத் தோள் என்ன ஆயிற்று?

எலும்பு மருத்துவத்தில் எம்.எஸ். படிக்கிறவர் அன்றும் டிசர்டேஷன் எழுதினார், இன்றும் எழுதுகிறார். எழுதாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. தோள், முழங்கை என்று வந்துவிட்டால் தலைப்புகள்கூட அதிகம் மாறவில்லை: தோள் இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டருக்கு ஊசியா, மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்துவிடுவதா, முழங்கை வலிக்கும் டென்னிஸ் எல்போவுக்கு ஸ்டீராய்டா, பிஸியோதெரபியா. மாறியிருப்பது அந்த ஆய்வுக்குப் பணம் வரும் வழியும், அந்தப் பணம் கேட்கும் கேள்விகளும்தான்.

இதைப் பார்க்க கே.கே. நகரைவிடப் பொருத்தமான பேட்டை சென்னையில் குறைவு. வீட்டு வசதி வாரியம் கட்டிய இந்த நகரில், கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு பொருத்திப் பயிற்சி கொடுக்கும் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, 2013இல் அங்கே எம்.பி.பி.எஸ். வகுப்பும் தொடங்கிவிட்டது. கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளில் தலைக்கு மேல் கையைத் தூக்கியே வேலை பார்த்தவர்களின் தோள்கள் இங்கேதான் ஓ.பி. சீட்டு வாங்கி நிற்கும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னையில் டிசர்டேஷன் எழுதியவர்களிடம் ‘கிராண்ட்’ என்று கேட்டால் சிரிப்பார்கள். கைடு தலைப்பைக் கொடுப்பார். சினாப்சிஸ் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே இலவசம், படுக்கை இலவசம், மருந்து இருந்தால் அதுவும் இலவசம்; அதுவே மானியம். கோணம் அளக்கும் கோனியோமீட்டர், ஃபிலிம் ரோல், தட்டச்சுக் கூலி, ரெக்ஸின் அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த பைண்டிங் எல்லாம் ஸ்டைபண்ட் பணத்திலிருந்து போகும். சில கைடுகள் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுத்ததும் உண்டு. கேட்க ஆளில்லை, கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஒப்புதல் படிவம் என்றால் ஆபரேஷனுக்காகக் கேஸ் ஷீட்டில் வாங்கிய கையெழுத்துத்தான். ஆய்வு நெறிமுறை பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 1980இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. பி.ஜி., அதாவது முதுநிலை மாணவரின், அறை வரைக்கும் அது நடந்து வரப் பல வருஷம் பிடித்தது.

அந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் காசு இருந்ததில்லை: நோயாளியைத் திரும்ப வரவழைப்பது. போஸ்ட் கார்டு எழுதிப் போடுவார்கள். நெசப்பாக்கத்திலும் எம்.ஜி.ஆர். நகரிலும் வாடகைக்குக் குடியிருப்பவர் ஆறு மாதத்தில் வீடு மாறியிருப்பார். கார்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. வலி போனவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று சொல்ல வரமாட்டார். வலி போகாதவர் நாட்டு வைத்தியர்களின் புத்தூர் கட்டுக்குப் போயிருப்பார். கடைசியில், எல்லா நோயாளிகளின் விவரத்தையும் பதியும் மாஸ்டர் சார்ட்டில் பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும். வந்தவர்களை வைத்து ‘நல்ல பலன்’ என்று முடிவுரை எழுதிவிடுவார்கள்.

இது சோம்பேறித்தனத்தின் கதை அன்று. தோள் அப்படிப்பட்ட மூட்டு. ஃப்ரோசன் ஷோல்டர் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வருஷத்தில் தானாகவே இளகிக்கொடுக்கும். எந்தச் சிகிச்சையைச் செய்துவிட்டுக் காத்திருந்தாலும் பேர் சிகிச்சைக்குத்தான் போகும். முழங்கை இன்னும் பொல்லாதது. 2006இல் பிரிஸ்பேன் ஆய்வாளர்கள் 198 டென்னிஸ் எல்போ நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒன்றுக்குப் பிஸியோதெரபி, மூன்றாவது பிரிவுக்குச் சும்மா பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் ஊசிதான் ஜெயித்தது, அதுவும் அமோகமாக. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டுக்கொண்டவர்களே பின்தங்கியிருந்தார்கள்; பலருக்கு வலி திரும்பியிருந்தது. ஆறு வாரத்தோடு கணக்கை மூடியிருந்தால் முடிவு தலைகீழாகவே அச்சேறியிருக்கும். நம் ஊரில் எத்தனை ரெக்ஸின் அட்டைகளுக்குள் ஆறு வாரத்து வெற்றி உட்கார்ந்திருக்கிறதோ.

நோயாளியைப் பின்தொடரத் தமிழ்நாட்டுக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவதற்கும் வித்தியாசம் உண்டா என்று 193 பேரை வைத்துப் பார்த்தது. வீட்டுச் சிகிச்சை சளைத்ததில்லை என்று 1959இல் வெளியிட்டது. உலகமே அதைக் கேட்டுத் திருந்தியது. ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அதே நோயாளிகளின் ஐந்து வருஷத்துக் கணக்கும் பின்னால் வெளிவந்தது. ஐ.சி.எம்.ஆர்., பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், சென்னை அரசு ஆகிய நான்கும் சேர்ந்து தாங்கிய வேலை அது. காசநோய் ஆளைக் கொன்றது, பணம் வந்தது. தோள்வலி யாரையும் கொல்வதில்லை. சேலை முந்தானையைப் பின்னுக்கு இழுக்க முடியாமலும், பஸ் கம்பியைப் பிடிக்க முடியாமலும் செய்துவிட்டுப் போய்விடும்.

அமெரிக்காவிலும் முதலில் இதே கதிதான். ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்ற பெயரை வைத்த பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளியும் ஒரு வருஷம் கழித்து என்ன ஆனார் என்று அட்டையில் குறித்துவைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே சக மருத்துவர்களின் பகையைச் சம்பாதித்தவர். 1934இல் வந்த அவருடைய தோள் பற்றிய நூல் சொந்தச் செலவில் அச்சானது. 1940இல் இறந்தவரின் கல்லறைக்கு 2014இல்தான், தோள் அறுவை மருத்துவர்களின் முயற்சியால், பெயர்க்கல் வைத்தார்கள்.

இன்று நிலைமை வேறு. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். நிதியில் நடந்த பெரிய கணக்கெடுப்பு 2023இல் சொன்னது. சர்க்கரைக்காரருக்குத் தோள் இறுகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு என்பதால், தோள் ஆய்வு இப்போது சர்க்கரையின் தோளிலேறிக்கொண்டு நிதி கேட்கலாம். கேட்பதற்குக் கதவுகளும் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். மாணவருக்கு ஐ.சி.எம்.ஆர். 1979இலிருந்து நடத்தும் இரண்டு மாத எஸ்.டி.எஸ். திட்டம், முதுநிலை டிசர்டேஷனுக்கு நிதி உதவி, ஆசிரியர்களுக்குச் சிறு மானியம். அந்தச் ‘சிறு’ மானியத்தின் உச்சவரம்பு கோடிகளில் என்பது வேறு விஷயம். ஒரு ஓ.பி.யில் நடக்கும் முழங்கை ஆய்வுக்கு அவ்வளவு எதற்கு? சில பத்தாயிரத்துக்கும் கோடிக்கும் நடுவே, இரண்டு மூன்று லட்சத்தில் முடிகிற ஆய்வுக்குத்தான் ஆதரவு கிடைப்பது கஷ்டம்.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் அன்றைய கைடு மிரண்டுபோவார். எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள், அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது, எதை முதன்மை முடிவாக அளப்பீர்கள், எப்போது, இடையில் எத்தனை பேர் விட்டுப்போவார்கள்? எதிக்ஸ் கமிட்டிக்குத் தமிழில் ஒப்புதல் படிவம் வேண்டும். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே மருத்துவ ஆய்வுகளுக்கான சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2007இல் தொடங்கிய அந்தப் பதிவேடு 2018 ஏப்ரல் முதல், நடந்து முடிந்ததைக் கொண்டுவந்தால் ஏற்பதில்லை. தோள் வலியைக் கேட்டறியும் ஸ்பாடி வினாத்தாளுக்கு 2012இலேயே சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் வந்துவிட்டது. பணம் ஆய்வாளர் கைக்கு வராது, கல்லூரிக் கணக்குக்குப் போகும். முடிவில் யூ.சி., அதாவது செலவுச் சான்று, கொடுத்தாக வேண்டும்.

இந்தக் காகிதக் கட்டைத் திட்டாத மருத்துவரை நான் பார்த்ததில்லை. மூன்று வருஷப் படிப்பில் கமிட்டிகளுக்கே மாதங்கள் ஓடிவிடுகின்றன. நிதி அனுமதியாகி வருவதற்குள் நோயாளிகளைச் சேர்க்கும் காலம் பாதி முடிந்திருக்கும். நியாயமான கோபம்தான். ஆனாலும் என் கட்சி படிவத்தின் பக்கம். ‘எத்தனை பேர் விட்டுப்போவார்கள்’ என்ற வரியை நிரப்ப வேண்டியிருப்பதாலேயே, போஸ்ட் கார்டுக் காலத்தில் யாரும் யோசிக்காத ஒன்றை முதல் நாளே யோசிக்க வேண்டியிருக்கிறது.

கொடுமை அடுத்த பக்கத்தில், பட்ஜெட்டில். கருவி என்று எழுதினால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. நோயாளியின் பஸ் செலவு, ஒரு நாள் சம்பள இழப்பு என்று எழுதத்தான் பலருக்குக் கை வருவதில்லை; ஆசை காட்டுவதாகிவிடுமோ என்று பயம். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை இரண்டையும் ஈடுசெய்யத் தெளிவாகவே அனுமதிக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டைக்காரரின் மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். நோய்க்கால விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைதான். வலி போன தோளைக் காட்ட அவர் எதற்காக ஒரு நாளை இழக்க வேண்டும்? 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஃப்ரோசன் ஷோல்டர் ஆய்வு 35 மருத்துவமனைகளில் 503 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்தது. ஒப்பிட்டுப் பார்த்த மூன்று சிகிச்சைகளில் எதுவும் மற்றதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேல் இல்லை என்று சொல்ல அதற்குத் தெம்பு கொடுத்தது, திரும்ப விசாரிப்பதற்கு ஒதுக்கிய பொதுப் பணம்.

இங்கே அந்த அளவுக்குப் பணம் இப்போதைக்கு வராது. அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எஸ்.டி.எஸ். மாணவருக்குப் புதிதாக நோயாளிகளைச் சேர்க்கும் வேலையைக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் எதுவும் தேறாது. அதற்குப் பதில், படிப்பை முடித்துப் போய்விட்ட பி.ஜி.யின் மாஸ்டர் சார்ட்டைக் கொடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் போன் போட்டு, ஸ்பாடி கேள்விகளைத் தமிழில் கேட்டு எழுதச் சொல்லலாம். பின்னால் வேறொருவர் அழைப்பார் என்பதை முதல் ஒப்புதல் படிவத்திலேயே சேர்த்து, எதிக்ஸ் கமிட்டியிடம் அப்போதே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கூடவே நோயாளியின் எண்ணோடு, அவர் சிம்மை மாற்றினாலும் தகவல் சொல்லக்கூடிய அக்கம்பக்கத்தார் ஒருவரின் எண்ணையும் எழுதி வாங்கிவைப்பது நல்லது.