வேக விமானமும் விளங்காத விதியும்

புது தில்லி: மின்னலெனப் பாயும் போர் விமானத்தை டிஜிட்டல் கேமராவில் படம்பிடிப்பது இன்று பயிற்சியால் கைகூடும் கலை. ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடியாவது வேண்டும். ஹெலிகாப்டருக்கோ அதைவிடக் குறைந்த வேகமே ஏற்றது. இல்லையேல் சுழலும் விசிறி உறைந்து நிற்பதுபோலத் தோன்றும். விமானத்தின் போக்கிலேயே கேமராவையும் சீராகத் திருப்ப வேண்டும்.

கடினமானது சட்டமே. அரசு விமான நிலையங்களிலும், பறக்கும் விமானத்திலிருந்தும் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் படமெடுக்கத் தடை விதித்தது 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-வது விதி. விமானத்துக்குள் இருக்கும் பயணிகளுக்கு 2004-இல் விலக்கு கிடைத்தது. வேலிக்கு வெளியே நிற்பவர் பற்றி அவ்விதி பேசவில்லை.

2010 பிப்ரவரியில் தில்லி விமான நிலையம் அருகேயுள்ள ஹோட்டலில் கேமரா, தொலைநோக்கி, வானொலி அலைவாங்கியுடன் தங்கியிருந்த பிரிட்டிஷ் விமான ஆர்வலர்கள் இருவர் கைதாயினர். அபராதம் செலுத்திய பின்னரே நாடு திரும்பினர்.

பெங்களூர் எலஹங்கா விமானப் படைத் தளத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் விமானக் கண்காட்சியிலோ பார்வையாளர்களின் கேமராக்களுக்கு வரவேற்பு.

பாதுகாப்பு அவசியமே. ஆனால், எங்கே நின்று படமெடுக்கலாம், எங்கே கூடாது என்பதை அரசு தெளிவாக அறிவித்தால்தான் ஆர்வலர்கள் உளவாளிகளாகக் கருதப்படும் நிலை மாறும்.