சில்லு மாற்றும் பருவமும் கராஜின் சிட்டையும்

ஒஸ்லோவில் ஒக்டோபர் பிறந்ததும் முதற்பனி விழுமுன்னரே கராஜ் வாசல்களில் வாகனங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடுகின்றன. உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் அதே வரிசை மீண்டும் கூடும். இந்நாட்டில் வாகனம் வைத்திருப்போர் எவருக்கும் தவிர்க்க முடியாத இச்செலவு, எம்மவர் சிலருக்கு மட்டும் இருமடங்காகவும் மும்மடங்காகவும் வருவது ஏன் என்பதையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

பனிக்காலத்தில் ரயரின் வரிப்பள்ளம் 3 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது, கோடையில் 1.6 போதும். ஒஸ்லோவில் ஆணி ரயருக்கு நவம்பர் 1 முதல் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு வரை அனுமதியுண்டு. அதற்கு 2004ஆம் ஆண்டிலிருந்து நகரசபை தனிக் கட்டணமும் அறவிடுகின்றது.

கராஜ்காரர் செய்யும் வேலை இருவகைப்படும். றிம்மோடு பூட்டிய நான்கு சில்லுகளைக் கழற்றி வேறு நான்கைப் பூட்டுவது 'யூல்ஷிப்ட்'. சில நூறு குரோணருடன் முடிந்துவிடும். ஜக்கும் சாவியும் உள்ளவர் வீட்டு வாசலிலேயே செய்துகொள்வர். றிம்மிலிருந்து ரயரை உரித்தெடுத்து வேறு ரயர் ஏற்றிச் சமநிலை பார்ப்பது 'ஓம்லெக்கிங்'. இது எளிதில் ஆயிரத்தைத் தாண்டும். றிம் ஒரு தொகுதி மட்டும் வைத்திருப்பவர் ஆண்டுக்கு இருமுறை இதற்கே பணம் கட்டுகின்றார்.

அண்மைக் காலத்தில் இதனோடு காற்றழுத்த உணரியும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பிய விதிப்படி 2014 நவம்பர் முதல் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் அமைப்பு இருத்தல் வேண்டும். இவ்வமைப்பிலும் இருவகையுண்டு. ஒன்றில், சில்லின் உள்ளே மின்கலத்துடன் உணரி அமர்ந்திருந்து வானொலி அலை மூலம் செய்தி அனுப்பும். மற்றதில் சில்லினுள் எதுவுமில்லை; காற்றுக் குறைந்த சில்லு சற்று விரைவாகச் சுழல்வதை பிரேக் அமைப்பே கண்டுகொள்ளும். ரயர் மாற்றியபின் அதனை மீளப் பதியச் செய்தாற் போதும். உங்கள் வாகனம் ஒவ்வொரு சில்லின் அழுத்தத்தையும் இலக்கத்திற் காட்டுமாயின் அது பெரும்பாலும் முதல்வகை. இதனை அறியாமல் எவரும் பனிக்காலச் சில்லு வாங்கலாகாது.

முதல்வகை வாகனத்துக்கு உணரி ஒரு தொகுதியே இருப்பின், பருவந்தோறும் அதனைக் கோடைச் சில்லிலிருந்து பனிச்சில்லுக்கு மாற்றவேண்டுமென விற்பனை நிலையத்தார் கூறுவர். அப்போது ரயரை உரிப்பது, உணரியை மாற்றுவது, புதிய இறப்பர் வளையம், சமநிலை, கணினியிற் பதிதல் என ஒவ்வொன்றுக்கும் சிட்டையில் தனிவரி வரும். றிம் இரண்டு தொகுதி வாங்கியும் பயனில்லாமற் போகும். மாறாக, இரண்டாவது தொகுதி உணரியை ஒருமுறை வாங்கிப் பனிச்சில்லிற் பூட்டிவிட்டால் அதன்பின் வெறும் சில்லுமாற்றந்தான். பழைய உணரியின் அடையாள இலக்கத்தைப் புதியதிற் பிரதி செய்து தரும் தனியார் கராஜ்களும் உண்டு. அவ்வாறு செய்தால் வாகனம் வேறுபாடு அறியாது. உணரியின் மின்கலம் ஐந்து முதல் பத்தாண்டு வரை உழைக்கும் என்பதால், பழைய வாகனத்தில் 'உணரி மாற்றவேண்டும்' என்பது எப்போதும் ஏமாற்று அன்று.

அதிகாலை நான்கு மணிக்குத் துப்புரவு வேலைக்கோ பத்திரிகை விநியோகத்துக்கோ செல்லும் எம்மவர்க்கு வாகனமின்றி ஒருநாளும் ஓடாது. அவசரத்தில் கேள்வியின்றிக் கையொப்பமிடுவது அதனாலேயே. ஆயினும் 1989ஆம் ஆண்டின் கைவினைச் சேவைச் சட்டம் இங்கு எமக்குத் துணையாக உள்ளது. கராஜ் விலை மதிப்பீடு தந்திருப்பின், நீங்கள் இணங்கிய மேலதிக வேலை தவிர, இறுதித் தொகை அதனை 15 வீதத்துக்கு மேல் தாண்டலாகாது. எனவே திறப்பைக் கொடுக்குமுன் மதிப்பீட்டை எழுத்திற் கேளுங்கள். வெளியிடத்திற் சில்லு மாற்றினால் உத்தரவாதம் அற்றுப்போகும் என்ற பேச்சுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

முதற்குளிரன்று எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் உடனே கராஜுக்கு ஓடவேண்டாம். வெப்பம் 10 பாகை குறைய அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் குறையும். பெற்றோல் நிலையத்திற் காற்றடித்துப் பாருங்கள். சில்லை எவர் மாற்றியிருப்பினும், 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் போல்ற்றுகளை மீண்டும் இறுக்குதல் வேண்டும்.