அளவுகோலையும் அளத்தல் வேண்டும்

துணி அளக்கும் கோல் ஒரு விரற்கடை குறைந்திருப்பின், அதனைக் கொண்டு அளக்கப்படும் துணிகள் யாவும் குறைவாகவே இருக்கும். அளப்பவன் நேர்மையாளனாக இருக்கலாம். அவன் கை சிறிதும் தவறாதிருக்கலாம். ஆயினும் பிழை நேர்ந்தே தீரும். அக்கோலைக் கொண்டே ஆயிரம் முறை அளந்து பார்த்தாலும் அப்பிழை வெளிப்படாது. வேறொரு கோலை அதனருகில் வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். இவ்வெளிய உண்மையைப் போற்றாமையால், மாபெரும் விஞ்ஞான முயற்சி ஒன்று தோல்வியாய் முடிய இருந்து அரிதின் மீண்டது. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

விண்மீன்களின் ஒளி நம்மை வந்தடையுமுன் காற்று மண்டலத்தைக் கடந்து வருகின்றது. காற்றின் அசைவினால் அவ்வொளி நடுங்குகிறது. ஆதலின் தரையிலுள்ள தொலைநோக்கிகளில் தெளிவு குன்றுகிறது. இக்குறையைப் போக்கவே, காற்று மண்டலத்திற்கு மேலே ஒரு தொலைநோக்கியை நிறுவ அமெரிக்க அறிஞர்கள் எண்ணினர். எட்வின் ஹபிள் என்னும் வானியலறிஞரின் பெயர் தாங்கிய அத்தொலைநோக்கி, 1990-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் ‘டிஸ்கவரி’ என்னும் விண்ணோடத்தில் ஏற்றிச் செல்லப்பட்டது. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்டது. 2.4 மீட்டர் குறுக்களவுடைய குழியாடியே அதன் உயிர்நாடி.

உலகமே ஆவலுடன் எதிர்பார்த்திருக்க, வந்து சேர்ந்த படங்களோ மங்கலாக இருந்தன. ஒரு விண்மீனின் ஒளியில் நூற்றுக்கு 70 பங்கேனும் ஒரு சிறு புள்ளியில் குவியும் என்று எதிர்பார்த்தனர்; ஆனால், நூற்றுக்கு 15 பங்களவே குவிந்தது. எஞ்சியது ஒளிவட்டமாய்ச் சிதறிக் கிடந்தது.

குறை எங்கே உள்ளது? அறிஞர்கள் படிப்படியாக ஆராய்ந்தனர். முதலில், எதிரேயுள்ள சிறிய ஆடியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தனர், தெளிவு பிறக்கவில்லை. தொலைநோக்கியினுள் இருந்த இருவேறு படக்கருவிகளும் ஒரே வகையான குறையைக் காட்டின. ஆகவே, குறை படக்கருவிகளில் இல்லை. அவற்றிற்கு ஒளியை அனுப்பும் ஆடியிலேயே உள்ளது என்பது தெளிவாயிற்று. பெரிய ஆடியின் விளிம்பில் பட்ட கதிர்கள் ஓரிடத்தும், நடுவில் பட்ட கதிர்கள் வேறோரிடத்தும் குவிந்தன. இதனைக் கோளப் பிறழ்ச்சி என்பர். ஆடியின் விளிம்பு, இருக்க வேண்டிய அளவினும் தட்டையாக இருந்ததே இதற்குக் காரணம். எவ்வளவு தட்டை என்று எண்ணுகிறீர்கள்? ஒரு தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கே!

இப்பிழை புகுந்த வழியைக் கண்டறிய, லூ ஆலன் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரில், 1981-ஆம் ஆண்டிலேயே அவ்வாடி மெருகிட்டு முடிக்கப்பட்டிருந்தது. மெருகிடும்போது அதன் வளைவை அளப்பதற்கு, இரண்டு சிறிய ஆடிகளும் ஒரு வில்லையும் கொண்ட ஒளிக்கருவி பயன்பட்டது. அக்கருவி ஆடியின்மேல் ஒளியைச் செலுத்தும். ஆடி குறித்த வடிவில் இருப்பின், திரும்பி வரும் ஒளி நேரான, சீரான கோடுகளைக் காட்டும். வடிவம் பிழைத்தால் கோடுகள் வளையும்.

நற்பேறாக, அக்கருவி பல ஆண்டுகள் கழிந்த பின்னும் வைத்தது வைத்தபடியே இருந்தது. குழுவினர் அதன் உறுப்புகளின் இடைவெளிகளை அளந்தனர். வில்லை, இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் விலகியிருந்தது!

அவ்விலகல் நேர்ந்த விதமும் புலனாயிற்று. வில்லையை உரிய இடத்தில் பொருத்துவதற்கு ஓர் உலோகக் கோல் பயன்பட்டது. கோலின் நுனியில் பட்டு மீளும் ஒளியைக் கொண்டு தொலைவைக் கணித்தனர். அந்நுனியின்மீது சிறு துளையுடைய மூடி ஒன்று இருந்தது. மூடியில் ஒளி பட்டுத் திரும்பாதிருக்கும் பொருட்டு அதன்மேல் ஒரு பூச்சு இடப்பட்டிருந்தது. அப்பூச்சு ஓரிடத்தில் தேய்ந்துவிட்டது. ஒளி துளையின் வழியே சென்று கோலின் நுனியைத் தொடாமல், தேய்ந்த இடத்தில் பட்டு மீண்டது. பணியாளர் மூடியையே நுனியெனக் கொண்டனர். அவ்வாறு கணித்த இடத்திற்கு வில்லையை நகர்த்தத் திருகாணி எட்டவில்லை. ‘ஏன் எட்டவில்லை?’ என்று வினவியிருப்பின் அன்றே பிழை வெளிப்பட்டிருக்கும். அவர்களோ, இடையே சிறு வளையங்களைச் செருகிச் சரிசெய்துகொண்டனர்.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. வேறு இரண்டு ஒளிக்கருவிகளும் அப்பணியில் பயன்பட்டன. இரண்டுமே பிழை இருப்பதைக் காட்டின. எனினும், ‘அவை நுட்பத்தில் குறைந்தவை, முதற்கருவியே நம்பத்தக்கது’ என்று கருதி அவற்றின் சான்றைத் தள்ளிவிட்டனர். பிழைபட்ட கருவியோ, ‘ஆடி குறையற்றது’ என்று சான்று கூறியது. தவறான வடிவத்தில், வியக்கத்தக்க நுட்பத்துடன், அவ்வாடி மெருகு பெற்றது.

ஆயினும், அந்நுட்பமே பின்னர் உய்யும் வழியைக் காட்டிற்று. ஆடி தாறுமாறாகக் கெட்டிருப்பின் மாற்று வழி இராது. பிழையின் அளவு இன்னதென்று திட்டமாகத் தெரிந்தமையால், அதற்கு நேர்மாறான வளைவுடைய சிறு ஆடிகளைச் செய்ய இயன்றது. பார்வை குன்றியவருக்கு மூக்குக்கண்ணாடி அணிவிப்பது போன்றது இது. 1993-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ‘எண்டெவர்’ விண்ணோடத்தில் எழுவர் சென்றனர். இவ்விருவராக மாறிமாறி ஐந்து முறை வெளியில் மிதந்து, திருத்தம் பெற்ற புதிய படக்கருவியையும், நாணயமளவான ஆடிகளைக் கொண்ட திருத்தும் கருவியையும் பொருத்தினர். தொலைநோக்கி தெளிவான பார்வை பெற்றது. அதன்பின் அது காட்டிய விண்மீன் கூட்டங்களும், விண்மீன்கள் பிறக்கும் முகிற்கூட்டங்களும் மனித அறிவைப் பெரிதும் வளர்த்தன.

இவ்வரலாற்றில் பொய்யுரைத்தவர் எவருமிலர், சோம்பியிருந்தவரும் இலர். மிக நுட்பமானது என்ற பெயர் பெற்ற கருவியை ஐயுறாமையே அவர்கள் செய்த தவறு. மாணவர்களே! உங்கள் ஆய்வுக்கூடத்துத் தராசாயினும் வெப்பமானியாயினும், அளக்கத் தொடங்குமுன் அதனைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு கருவிகள் மாறுபட்டு உரைப்பின், விரும்பியதை ஏற்று மற்றதைத் தள்ளாதீர்கள். மாறுபாட்டின் காரணத்தைத் தேடுங்கள். திருகாணி எட்டவில்லையெனில், வளையத்தைச் செருகுமுன் ஒரு வினாவை எழுப்புங்கள்.