யார் எழுதலாம், யார் படிக்கலாம்?

2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. இங்குள்ள உப்பளங்களைக் கெடுக்கப் புயல்கூட வேண்டாம். விளைச்சல் நேரத்தில் ஒரு கோடைமழை கொட்டினால், வாரி எடுக்கக் காத்திருக்கும் உப்பு பாத்தியிலேயே கரைந்துபோகும். உரிய இடத்திலிருந்து உரிய நேரத்தில் தகவல் வருவது இந்தக் கரைக்குச் சோற்றுப் பிரச்சினை.

நம் நாட்டில் புயலை வானிலை ஆய்வுத் துறை சொல்லும். சுனாமியை ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ். ஆற்று வெள்ளத்தை மத்திய நீர் ஆணையம். அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய ‘சசேத்’ எச்சரிக்கைத் தளத்தில் இவை ஒன்றுசேர்ந்து, மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதலோடு கைபேசிகளுக்குப் போகின்றன. சொல்பவர், ஒப்புபவர், கொண்டுசேர்ப்பவர் எல்லாம் தனித்தனி. அருமையான ஏற்பாடு.

செய்தி ஓட்டங்களைக் கையாளும் மென்பொருளுக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். லிங்க்ட்இன் உருவாக்கி 2011இல் பொதுவில் விட்ட காஃப்கா என்ற அத்தகைய மென்பொருளில் ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு டாபிக் உண்டு. இல்லாத டாபிக்குக்குச் செய்தி அனுப்பினால், அமைப்பை மாற்றாதவரை காஃப்கா அந்தப் பெயரில் புதிதாக ஒன்றைத் தானே திறந்துகொள்ளும். மழை எச்சரிக்கை அனுப்பும் செயலியில் டாபிக் பெயரின் ஓர் எழுத்து பிசகியதாக வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கைகள் புது டாபிக்கில் குவியும், பெறும் செயலி பழையதில் காத்துக்கிடக்கும். இரண்டு பக்கமும் எந்தப் பிழையும் காட்டாது.

டாபிக்கைத் தானே திறக்கும் அந்த வசதியை அணைத்துவிட்டு, எந்த டாபிக், அதற்குள் எத்தனை பார்ட்டிஷன் (உட்பிரிவு), எத்தனை நாள் சேமிப்பு, யார் எழுதலாம், யார் படிக்கலாம் என்பதையெல்லாம் கோப்பில் எழுதியபடி அமைப்பை உருவாக்கித் தரும் டெர்ராஃபார்ம் போன்ற கருவியின் கோப்பில் எழுதி, மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ (Git) மென்பொருளில் வைத்து, இன்னொருவர் பார்த்த பிறகே நடைமுறைப்படுத்த வேண்டும். படிக்கும் செயலிக்கு டாபிக் அனுமதி மட்டும் போதாது, அது சேர்ந்து படிக்கும் குழுவான கன்ஸ்யூமர் குரூப்புக்கும் அனுமதி தேவை. இதை மறந்தவர்கள், வேலை நடக்கவில்லை என்று நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் திறந்துவிடுகிறார்கள். கோப்பில் இருந்தால் அந்தக் குறி சக ஊழியர் கண்ணில் பட்டுவிடும். திரையில் சொடுக்கிக் கொடுத்தது யாருக்கும் தெரியாது.

கோப்பிலும் ஆபத்து உண்டு. டாபிக்கின் பெயரை மாற்றினால், டெர்ராஃபார்ம் பழையதை அழித்துப் புதியதை உருவாக்கும். உள்ளே இருந்த செய்திகள் போய்விடும். ‘பிளான்’ கட்டளை இதை முன்கூட்டியே காட்டும், ஆனால் அவசரத்தில் யார் முழுக்கப் படிக்கிறார்கள்? அழிப்பைத் தடுக்க ‘பிரிவென்ட் டெஸ்ட்ராய்’ என்றொரு வரி இருக்கிறது. உயிர் காக்கும் தகவல் ஓடும் டாபிக் ஒவ்வொன்றிலும் அதை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.