வெலிங்டனில் படித்த ஆப்பிரிக்கத் தலைவர்கள்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் அடுத்த நிலையம் வெலிங்டன். முப்படை அதிகாரிகள் படிக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. பிரிவினையில் குவெட்டா கல்லூரி பாகிஸ்தானுக்குப் போய்விட, 1948-இல் இந்த மலையில் இந்தியா தன் கல்லூரியை அமைத்தது.

ஆப்பிரிக்க நாடுகளின் அதிகாரிகளும் இங்கே வருகிறார்கள். நைஜீரியாவின் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ 1965-இல் படித்தார். முகம்மது புகாரி 1973-இல். இருவரும் முதலில் ராணுவ ஆட்சியாளர்களாகவும், பல ஆண்டுகள் கழித்து மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அதிபர்களாகவும் நாட்டை ஆண்டார்கள். ஒரு சின்ன மலையூருக்கு இது பெரிய பெருமைதான்.

துப்பாக்கி சுடுவதல்ல இங்கே பாடம். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் சேர்ந்து இயங்கத் திட்டமிடுவதே பாடம். தேறியவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டம் கிடைக்கும்.

ஆப்பிரிக்க நாடுகளுடன் இந்தியாவுக்குத் தளவாட உறவும் உண்டு. மொரீஷியஸ் கடலோரக் காவல்படைக்காகக் கொல்கத்தாவில் கட்டப்பட்ட 'பாரகுடா' ரோந்துக் கப்பல் 2015-இல் பணியில் சேர்ந்தது. ஆனால் எந்தக் கப்பலும் அதை இயக்கவும் பழுதுபார்க்கவும் தெரிந்த ஆட்கள் இருந்தால்தான் கரையை விட்டு நகரும். அதனால் பயிற்சிக்கே முதலிடம்.

குன்னூர் கடைத்தெருவில் வெளிநாட்டு அதிகாரி யாரையாவது பார்த்தால், ஒரு வணக்கம் சொல்லுங்கள் நேயர்களே!