தந்தையாகப் போகிறவனின் பத்து மாதம்

கருவுற்ற பெண்ணைப் பற்றி நம் நாட்டில் யாவரும் பேசுவார்கள். அவள் எதை உண்ணலாம், எதைத் தொடக்கூடாது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்று சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவளுடைய கணவனைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வேதனையும் ஆபத்தும் அவளுடையவையாதலால் அவளைப் பற்றிய பேச்சே முதன்மை பெறுவது நியாயந்தான். ஆயினும், மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ அடையாற்றிலோ ஓர் அடுக்குமாடி வீட்டில் முதல் குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞன் அந்தப் பத்து மாதத்தையும் எப்படிக் கழிக்கிறான் என்பது அறியத்தக்க விஷயம். ஏனெனில், அவனுடைய பாட்டனாருக்குக் கிட்டாத ஓர் அநுபவம் இன்று அவனுக்குக் கிட்டியிருக்கிறது.

பாட்டனார் காலத்தில் வளைகாப்பும் சீமந்தமும் முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள். கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ அவள் பிரசவத்துக்குக் காத்திருக்க, பட்டணத்தில் உத்தியோகம் பார்த்த கணவன் ஹோட்டல் சாப்பாட்டோடும் வாரம் ஒரு கடிதத்தோடும் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் தந்தி வந்த பிறகே தான் தகப்பனானதை அறிந்துகொள்வான். அந்தத் தந்தியே 2013-இல் நின்றுவிட்டது. தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் இன்னும் மறையவில்லை என்றாலும், தென்சென்னையில் அது வெகுவாகக் குறைந்து வருகிறது. பெண்ணும் வேலைக்குப் போகிறாள்; முதல் மாதத்திலிருந்து அவளைப் பார்த்துவரும் டாக்டரை விட்டுவிட்டுக் கடைசி மாதத்தில் வேறோர் ஊர் டாக்டரிடம் போவது உசிதமாகவும் இல்லை. ஆகையால் பெண் ஊருக்குப் போவதற்குப் பதிலாக, அவளுடைய தாயார் ஊரிலிருந்து இங்கே வந்து சேர்கிறார். கணவன் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்க்கிறான். என் அபிப்பிராயத்தில், நம் குடும்ப வாழ்வில் சத்தமில்லாமல் நிகழ்ந்திருக்கும் மிக நல்ல மாறுதல்களில் இது ஒன்று.

நம் முன்னோர் அவனை அடியோடு மறந்துவிடவும் இல்லை. கர்ப்பிணியின் கணவன் கடலில் நீராடக்கூடாது, க்ஷவரம் செய்துகொள்ளக்கூடாது, மரத்தை வெட்டக்கூடாது, பிணம் சுமக்கக்கூடாது, தூரதேசப் பிரயாணம் போகக்கூடாது என்று தர்மசாஸ்திரங்கள் அவனுக்கென்றே நியமங்களை வகுத்திருக்கின்றன. மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றியுள்ள குடும்பங்களில் இவற்றை இன்றும் அநுசரிப்பவர்கள் உண்டு. தாடி வளர்த்துக்கொண்டு அலுவலகத்துக்கு வரும் இளைஞனைப் பார்த்து, அங்கேயுள்ள பெரியவர்கள் கேள்வி கேட்காமலே விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். இந்த நியமங்களுக்கு விஞ்ஞானக் காரணம் தேடுவது வீண் வேலை. ஆனால், மனைவியை விட்டு விலகிப் போகாதே, உன் உயிரை அபாயத்துக்கு உட்படுத்தாதே என்ற கட்டளை அவற்றினுள் அடங்கியிருப்பதை எவரும் காணலாம். சீமந்தத்திலும் முள்ளம்பன்றி முள்ளைக் கையில் ஏந்தி மனைவியின் வகிட்டைப் பிரிப்பவன் கணவனே. அதற்கு மாறாக வளைகாப்பு முழுக்க முழுக்கப் பெண்களுடைய வைபவம். பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்களை வாங்கி வருவதும், தியாகராய நகர் ஜனசமுத்திரத்தில் நீந்திப் புடவையோடு கரையேறுவதும், சித்திரான்னங்களுக்குச் சாமான் சேகரிப்பதும் அவன் பொறுப்பு. அடுக்கிய வளையல்கள் குலுங்கும்போது அவன் வாசலிலே நிற்கிறான். ஆறாம் மாதத்துக்குப் பிறகு கருவிலுள்ள குழந்தை வெளிச் சத்தத்துக்குச் சலனம் காட்டுகிறது என்று இன்றைய வைத்தியர்கள் சொல்லும்போது, ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ கை நிறைய வளையல் பூட்டிய வழக்கம் எவ்வளவு அழகியது என்று தோன்றுகிறது. அந்தக் குழந்தை தகப்பனுடைய குரலையும் கேட்கத்தான் செய்யும் என்பதனால், இராவேளையில் வயிற்றருகே உட்கார்ந்து அவன் பேசும் பேச்சைப் பைத்தியக்காரத்தனம் என்று எவரும் தள்ளிவிட வேண்டாம்.

அன்றாட வாழ்வில் முதலில் அவன் இழப்பது காப்பியை. மசக்கை கண்ட பெண்ணுக்கு டிகாக்ஷன் இறங்கும் மணமும், கடுகு தாளிக்கும் வாசனையும் பல வேளைகளில் ஆகாமற் போகும். மயிலாப்பூர்வாசிக்கு இது சாமானிய சோதனையன்று. அவன் தெருமுனைக் கடையில் நின்றபடியே காப்பியைக் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறான். ரசம் வைக்கவும், கஞ்சி காய்ச்சவும் கற்றுக்கொள்கிறான். மாத்திரைகளின் கணக்கு அவன் கைக்கு வருகிறது: தொடக்கத்தில் ஃபோலிக் அமிலம், பிறகு இரும்புச்சத்தும் கால்சியமும். இரும்புச்சத்து உடம்பில் ஏறுவதைக் கால்சியம் தடுக்குமாகையால், இவ்விரண்டையும் ஒரே வேளையில் கொடுக்காமல் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவன் அறிந்துகொள்ளும் முதல் வைத்திய சூட்சுமம். மாலையில் நாகேஸ்வரராவ் பூங்காவிலோ பனகல் பூங்காவிலோ மனைவியின் நடைக்கு ஏற்பத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு சுற்றி வருகிறான். மாமியார் வந்து சேர்ந்த பின்பு அடுப்பங்கரையில் ஒரு சிறு வழக்கே நடக்கும். "மாப்பிள்ளை, நீங்க எதுக்கு இங்கெல்லாம் வர்றீங்க? போய் உட்காருங்க" என்பார் அவர். "இருக்கட்டும் அத்தை, உங்களுக்கு முட்டிவலி. இத்தனை நாள் நான்தானே பார்த்தேன்" என்று இவன் கரண்டியை விடாமல் நிற்பான். இந்த வழக்கில் அவன் ஜெயிக்க வேண்டுமென்பது என் ஆசை.

வைத்திய பரிசோதனைகளில் அவனுக்கு உள்ள பங்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் தோன்றும் நீரிழிவைக் கண்டறிவதற்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கவனம் தேவை. வெறும் வயிற்றோடுதான் வரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இதில் இல்லை. ஏழைப் பெண்ணுக்கும் தூரத்திலிருந்து வருபவளுக்கும் மிகவும் அநுகூலமான இந்த எளிய முறையை நிலைநாட்டப் பாடுபட்டவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதி கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு தினமாக இந்தியாவில் கொண்டாடப்படுகிறது. அந்த இரண்டு மணி நேரமும் குமட்டலோடு போராடும் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கணவனுடைய வேலை. அவளுடைய ரத்தம் ஆர்.எச். நெகடிவ் வகையாக இருந்துவிட்டால் அவனுடைய ரத்தத்தையும் சோதிப்பார்கள். அவன் பாசிடிவ் ஆனால், தாயின் ரத்தம் குழந்தையின் ரத்தத்துக்குப் பகையாகாதபடி 28-ஆம் வாரத்தை ஒட்டி ஓர் ஊசியும், பிறந்த குழந்தையும் பாசிடிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் மற்றோர் ஊசியும் போடுவது வழக்கம். தன் உடம்பின் ஓர் அம்சம் இந்தப் பிரசவத்தில் நன்மைக்கோ தீமைக்கோ காரணமாகக்கூடும் என்பதைப் பல ஆண்கள் முதன்முதலாக உணர்வது அன்றைக்குத்தான்.

ஸ்கேன் எடுக்கும் நாள் வேறுவகை. மயிலாப்பூர் டாக்டர் நடேசன் சாலையிலுள்ள மெடிஸ்கான் போன்ற நிலையங்களின் வரவேற்புக் கூடத்தில், தண்ணீர் பாட்டிலும் ரிப்போர்ட் கவருமாக எத்தனையோ கணவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன். 18, 20 வாரங்களில் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் விரிவான ஸ்கேன். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்னும் அறிவிப்பு, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுவரில் தொங்கும். திரையில் துடிக்கும் இதயத்தைக் கண்ட பிறகு அவன் பழைய மனிதனாக வெளியே வருவதில்லை. தாய்க்குக் குழந்தை உடம்பால் தெரிகிறது. முதல் கர்ப்பத்தில் 18, 20 வாரங்களில் அதன் அசைவை அவள் உணரத் தொடங்குகிறாள். தகப்பனுக்கோ, அந்தக் கறுப்பு வெள்ளைப் படமே முதல் தரிசனம்.

அவன் உடம்பும் சும்மா இருப்பதில்லை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கானடாவில் ஆன் ஸ்டோரி என்பவரும் அவர் கூட்டாளிகளும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, பிரசவத்தை எதிர்பார்க்கும் ஆண்களின் ரத்தத்திலும் சில ஹார்மோன்கள் மாறுகின்றன என்று காட்டிற்று. மனத்தின் விஷயம் இன்னும் முக்கியம். மனைவி கருவுற்ற காலம் முதல் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரையில், சுமார் பத்தில் ஒரு தகப்பனுக்கு மனச்சோர்வு நோய் ஏற்படுகிறதென்று, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த கட்டுரை கூறுகிறது. தூக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், எதிலும் பற்றின்மை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், ஆண்பிள்ளைக்கு என்ன வந்தது என்று அலட்சியம் செய்யாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கவலைப்படக் காரணங்களும் அவனுக்கு இல்லாமல் இல்லை. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடக்கின்றன, இது பெருமைக்குரியது. அதே கணக்கின்படி 44.9 சதவீதம் சிசேரியன். பணத்துக்கு இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு, அடையாற்றில் அவ்வை இல்லம் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் அரசு வழங்கும் உதவி, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகத் தவணை தவணையாகக் கிடைக்கிறது. கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே பதிவு செய்துகொண்டால்தான் அது தடையின்றி வரும். பிறகு, வழி. மெட்ரோ ரயிலுக்காக லஸ் முனையையும் ஆர்.கே. மடம் சாலையையும் பனகல் பூங்காப் பகுதியையும் தோண்டியதிலிருந்து, நேற்று திறந்திருந்த தெரு இன்று ஒருவழியாகிவிடுகிறது. ஆகவே வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று மார்க்கங்களை நடுநிசியிலும் பகலிலும் அவன் ஒத்திகை பார்த்து வைக்கிறான். குறித்த நாள் நவம்பர், டிசம்பரில் விழுந்தால் வானத்தையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, ராமாபுரத்திலிருந்து நிறைமாத கர்ப்பிணி ஒருவரை விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றதும், அவர் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றதும் இந்நகரம் மறக்காத செய்திகள். 108 என்ற ஆம்புலன்ஸ் எண்ணோடு, பக்கத்துத் தெரு ஆட்டோக்காரரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வது விவேகம்.

இத்தனையும் செய்தவன் கடைசியில் எங்கே நிற்கிறான்? பிரசவ அறைக் கதவுக்கு வெளியே. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. வீட்டிலே மருத்துவச்சி பிரசவம் பார்த்த நாளில் ஆண்கள் திண்ணையில் இருப்பார்கள். குழந்தை பூமியில் விழுந்த கணத்தில் அறையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை வெளியே உருட்டிவிட, ஜாதகத்துக்காக நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், திரைமறைவில் வாழ்ந்து ஆண் வைத்தியரின் கண்ணில் படவே கூசிய கோஷா ஸ்திரீகளும் உயிர் பிழைக்க வேண்டுமென்று 1885-இல் தொடங்கிய மருத்துவமனையே, இன்று திருவல்லிக்கேணிக் கடற்கரைப் பக்கம் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது. ஆண்களை வெளியே நிறுத்தியதனால்தான் அங்கே பெண்கள் துணிந்து உள்ளே வந்தார்கள். அக்காலத்துக்கு அது பெரிய கருணை. 2004-ஆம் ஆண்டையொட்டித் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ வேளையில் உடனிருக்க உறவுப் பெண் ஒருத்தியை அநுமதிக்கும் ஏற்பாடு வந்தது. துணை இருந்தால் பிரசவம் சுலபமாகிறதென்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கணவன் மட்டும் இன்னும் உள்ளே வர முடிவதில்லை. ஒரே கூடத்தில் பல பெண்கள் வேதனைப்படுகையில் பிற ஆடவர் நுழைவது தகாது என்ற ஆட்சேபம் நேர்மையானது. ஆனால் அது திரைச்சீலையாலும் தடுப்புச் சுவராலும் தீரக்கூடியது. தனியார் மருத்துவமனைகளில் சில கணவனை அநுமதிக்கின்றன. பணம் உள்ளவனுக்குக் கிடைப்பது இல்லாதவனுக்கும் கிடைக்க வேண்டாமா? வெள்ளத்தால் வரமுடியாமற்போன தாயின் உருவில் சிவபெருமானே வந்து ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்தார் என்று திருச்சியில் தாயுமானவராக வழிபடும் நாம், பெரியாழ்வார் யசோதையாகவே மாறிப் பாடியதைக் கேட்டு உருகும் நாம், பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொள்ள வரும் கணவனை அந்நியனாக நினைப்பது எனக்கு விளங்கவில்லை.

சட்டமும் அவனை அரைகுறையாகத்தான் அறிந்திருக்கிறது. தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பை 2017-இன் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசு ஊழியனான தகப்பனுக்கு 15 நாள் உண்டு. தனியார் நிறுவனங்களில் வேலை செய்வோருக்குச் சட்டம் எதையும் விதிக்கவில்லை. நிறுவனத்தின் மனம் போல நடக்கும். மனைவியின் பிரசவத்துக்கான விடுப்பு விவகாரத்தில் நடவடிக்கைக்கு ஆளான காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், 2023-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எல். விக்டோரியா கௌரி, தந்தையர் விடுப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றுவதன் அவசியத்தை எடுத்துரைத்துத் தீர்ப்பளித்தார். சட்டம் இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திராமல், தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் ஒரு மாதமாவது கொடுக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தை பிறந்த முதல் மாதத்தில்தான் வேலை நிஜமாகவே தொடங்குகிறது: கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் பிரசவ மருந்தும் வசம்பும் வாங்குவது, இரண்டு மணிக்கு ஒருமுறை விழித்துத் துணி மாற்றுவது, பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வது. பெயர் மட்டும் உடனே முடிவாக வேண்டியதில்லை; பதிவேட்டில் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமில்லாமல் அவகாசம் உண்டாகையால், இரண்டு வீட்டுப் பாட்டனார்களும் நிதானமாகவே வாதம் செய்யலாம்.