பருவச்சீட்டும் பயன்கொள்ளும் முறையும்

முன்பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்குதல் வேறு. முன்பணம் கொடுத்து ஓர் உரிமையை வாங்குதல் வேறு. அரிசியோ புடைவையோ வாங்கினால் பொருள் உடனே கைக்கு வந்துவிடும். உரிமையோ அதனைப் பயன்படுத்தும் பொழுதுதான் பொருளாகும். பயன்படுத்தாது கழிந்த நாளுக்கு எவரும் பணத்தை மீட்டுத் தருவதில்லை. பஸ் வண்டிக்கும் புகையிரதத்துக்கும் பெறும் பருவச்சீட்டு, அரச சேவையாளர் பெறும் புகையிரத ஆணைச்சீட்டு, பூங்காக்களும் விளையாட்டரங்குகளும் விற்கும் ஆண்டுச்சீட்டு, விமான சேவைகள் வழங்கும் மைல் புள்ளிகள் ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. நம் கல்லூரியின் பழைய மாணவருள் கண்டியைச் சூழ வாழ்வோரும் உளர். கடல் கடந்து வாழ்வோரும் உளர். இருசாராரும் இவ்வுரிமைகளுள் ஒன்றையேனும் விலைகொடுத்து வாங்குகின்றனர். ஆதலின் அவற்றால் முழுப்பயன் கொள்ளுமாறு எங்ஙனம் என்பதனை யாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

திருவள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஒரு செயலில் இறங்குமுன் செலவையும் வரவையும் பின்னர் எஞ்சும் ஊதியத்தையும் எண்ணிப் பார்க்குமாறு பணிக்கின்றார். அதே அதிகாரத்தில், வரவிருக்கும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழப்பது அறிவுடையார் செயலன்று என்றும் எச்சரிக்கின்றார். அரசர்க்கும் வணிகர்க்கும் பொருந்தும் இவ்வறிவுரை, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம்போன்றோர்க்கும் பொருந்தும். பருவச்சீட்டின் இலக்கணம் முழுவதும் இவ்விரண்டு கருத்தினுள் அடங்கிவிடும்.

பருவச்சீட்டு என்னும் பெயர்க் காரணத்தை முதலில் அறிவோம். இங்கிலாந்தில் கன்றர்பரிக்கும் விற்ஸ்ரபிள் கடற்கரைக்கும் இடையே ஓடிய புகையிரதச் சேவை, 1834ஆம் ஆண்டில், கோடைப் பருவம் முழுவதும் கடலாடச் செல்வோர்க்கு ஒரே சீட்டை விற்றது. பருவம் முழுமைக்கும் உரியதாகலின் அது பருவச்சீட்டு ஆயிற்று. இன்று நாம் அதனைக் கந்தோருக்கும் பள்ளிக்கும் செல்வதற்கு வாங்குகின்றோம். ஆயினும் அது முதலில் உல்லாசப் பயணத்தின் பொருட்டே பிறந்தது என்பது நினைக்கத்தக்கது. கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப் பாதை 1867இல் கண்டியையும் 1880இல் மாத்தளையையும் அடைந்தது. அன்று தொட்டு இம்மலைநாட்டு மக்களின் வாழ்வோடு இச்சீட்டுக்களும் பிணைந்துவிட்டன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டின் பொருட்டு, கம்பளையிலிருந்து கண்டிக்கு ஒருவழிக் கட்டணம் 60 ரூபா என்றும், மாதப் பருவச்சீட்டின் விலை 1,800 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். போய்வர 120 ரூபா. 1,800ஐ 120ஆல் வகுத்தால் 15 வரும். இப்பதினைந்தே சமநிலை எண். பதினைந்து நாளுக்கு மேற் பயணம் செய்வோர்க்கு ஆதாயம். அதற்குக் குறைந்தோர்க்கு நட்டம். எந்தச் சீட்டை வாங்குமுன்னும் இவ்வெண்ணை முதலிற் கண்டறிதல் வேண்டும்.

பலர் பிழைபடுவது வகுத்தற் கணக்கிலன்று, நாட்கணக்கிலேயாம். மாதம் முப்பது நாள் என்று எண்ணிவிடுகின்றனர். சனி, ஞாயிறு எட்டினையும் கழித்தால் இருபத்திரண்டு. போயா நாள் ஒன்றினையும் வேறொரு விடுமுறையையும் கழித்தால் இருபது. காய்ச்சலாலோ கலியாண வீட்டாலோ தவறும் நாள்களும் உள. அன்றியும், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பருவச்சீட்டு அச்சபையின் வண்டிகளிலேயே செல்லும். தனியார் வண்டிகளிற் செல்லாது. சபை வண்டியைத் தவறவிட்டுத் தனியார் வண்டியில் ஏறினால், முன்னரே கட்டணம் கொடுத்த பயணத்துக்கு மீண்டும் ஒருமுறை கொடுக்கின்றோம். இத்தகைய நாள்கள் மூன்று எனக் கொண்டால் எஞ்சுவன பதினேழு. ஆதாயம் இரண்டு நாட் கட்டணமாகிய 240 ரூபா மட்டுமே. தவணை விடுமுறை விழும் மாதத்தில் பத்து நாளே பள்ளி நடக்குமாயின், நாள்தோறும் சீட்டு வாங்கினால் 1,200 ரூபா. பருவச்சீட்டு வாங்கினால் 1,800 ரூபா. 600 ரூபா வீணாகும். எனவே பன்னிரண்டு மாதமும் கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிப்பவரினும், நாட்காட்டியை முன்வைத்து மாதந்தோறும் தீர்மானிப்பவரே மிகுந்த பயன் பெறுவர். கண்டியில் வாழ்வோர் எசல பெரஹரா நாள்களில் வீதிகள் மூடப்படுவதனையும் இக்கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் நன்று.

மனிதர் தம் எதிர்காலச் சுறுசுறுப்பை மிகைப்படுத்தி எண்ணுவர் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க உடற்பயிற்சி நிலையங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து தெல்லாவிஞா, மால்மெண்டியர் என்னும் பொருளியலாளர் இருவர் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாதந்தோறும் 70 டொலருக்கு மேற் கட்டிய உறுப்பினர் மாதத்துக்கு ஏறக்குறைய நான்கு தடவையே சென்றனர். ஒரு தடவைக்கு அவர்க்கு விழுந்த செலவு 17 டொலர். பத்துத் தடவைக்குரிய சீட்டை வாங்கியிருப்பின் ஒரு தடவைக்கு 10 டொலரே செலவாகியிருக்கும். ஆகவே, ‘இனி நாள்தோறும் போவேன்’ என்னும் எண்ணத்தைக் கணக்கிற் சேர்க்கலாகாது. சென்ற மூன்று மாதத்தில் எத்தனை நாள் போனோம் என்பதனையே சேர்த்தல் வேண்டும்.

சுவிற்சர்லாந்தில் வாழும் நம் உறவினர் பலர் அரைக்கட்டண அட்டை வைத்திருப்பதைக் காண்கின்றோம். அது பயணத்தை இலவசமாக்குவதன்று. ஒவ்வொரு பயணத்தின் கட்டணத்தையும் பாதியாகக் குறைப்பது. 1987இல் அதன் விலையை 100 பிராங்காகக் குறைத்து, மக்களை மோட்டார் வாகனத்தினின்று புகையிரதத்துக்குத் திருப்ப அந்நாட்டார் முயன்றனர். இத்தகைய அட்டைக்குச் சமநிலை காணும் விதி எளிது: அட்டையின் விலையைப்போல் இருமடங்கு தொகைக்கு முழுக்கட்டணப் பயணம் செய்பவராயின் போட்ட பணம் மீளும், அதற்கு மேல் ஆதாயம். அட்டை 200 எனின், 400க்குப் பயணம் செய்தல் வேண்டும். எத்தனை நாள் போவோம் என்று துணியமாட்டாதார்க்கு முழுச்சீட்டினும் இவ்வகை அட்டையே தகும்.

அரச ஆசிரியர் முதலியோர்க்கு வழங்கப்படும் விடுமுறைப் புகையிரத ஆணைச்சீட்டு, அதாவது வழக்கில் ‘வொறன்ற்’ எனப்படுவது, வேறோர் இயல்பினது. அது நாட்கணக்கால் அன்றி எண்ணிக்கையால் வரையறுக்கப்பட்டது. ஆண்டுக்கு இத்தனை என்னும் அளவும், பயன்படுத்துதற்குக் கால எல்லையும் உண்டு. எண்ணிக்கை வரையறுத்த உரிமையை மிக நீண்ட பயணத்துக்கே செலவிடல் வேண்டும் என்பது விதி. கண்டியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 120 கிலோமீற்றர். பொல்காவலையில் மாறி யாழ்ப்பாணம் செல்வது 350 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. கொழும்புக்குச் செலவிடும் அதே ஆணைச்சீட்டு யாழ்ப்பாணப் பயணத்தில் மும்மடங்கு தூரத்தைக் கடத்திவிடும். துணைவரும் பிள்ளைகளும் உடன் செல்லும் பயணமாயின் பயன் மேலும் பெருகும். தனியாகக் குறுந்தூரம் செல்லுங்கால் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிவிட்டு, ஆணைச்சீட்டைக் குடும்பப் பயணத்துக்குச் சேமித்து வைத்தலே அறிவுடைமை. ஆயினும் சேமித்துச் சேமித்துக் காலங்கடக்க விடுவோரும் உளர். அது சேமிப்பன்று, இழப்பேயாம்.

உல்லாசப் பூங்காக்களின் ஆண்டுச்சீட்டை இனி நோக்குவோம். 1955இல் கலிபோர்ணியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து, நெடுங்காலம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிச்சீட்டு வாங்கும் முறையைக் கையாண்டது. 1982இல் அதனைக் கைவிட்டு, ஒரே சீட்டால் எல்லா ஆட்டமும் ஆடும் முறைக்கு மாறியது. ஆண்டு முழுமைக்கும் உரிய சீட்டுக்கள் இதன் வளர்ச்சியே. ஒருநாட் சீட்டைப்போல் மூன்று மடங்கு விலையுடைய ஆண்டுச்சீட்டு நான்காம் முறை செல்லும்பொழுதே ஆதாயம் தரும். ஆனால் வாசலுக்குள் நுழையும் உரிமை மட்டுமே அதன் விலைக்குள் அடங்கும். போக்குவரத்து, வாகனத் தரிப்பு, உணவு, பிள்ளைகள் கேட்கும் விளையாட்டுப் பொருள் ஆகியவை ஒவ்வொரு முறையும் வேறாகச் செலவாகும். ‘கொடுத்த பணம் வீணாகக்கூடாது’ என்று மனமில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் போய் மேலும் செலவழிப்பது, போன பணத்தைத் துரத்திச் சென்று இருக்கும் பணத்தையும் இழப்பதாகும். கொடுத்தது கொடுத்ததே, இன்று போவதா என்பதனை இன்றைய செலவையும் இன்றைய மகிழ்ச்சியையும் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

தாயகம் வரும் பழைய மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். 1821இல் தொடங்கப்பட்டு, மகாவலி வளைந்தோடும் 147 ஏக்கர் நிலத்தில் விளங்கும் பேராதனைப் பூங்காவிலே உள்நாட்டார்க்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டார்க்கு அதனினும் பன்மடங்கு கட்டணமும் அறவிடப்படுகின்றன. சீகிரியா முதலிய இடங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. பேரப்பிள்ளைகளுடன் வருவோர் அதற்கேற்பப் பணத்தை ஒதுக்கிக்கொண்டு வருதல் நலம். இரட்டைக் குடியுரிமையுடையார் அதற்குரிய அடையாளப் பத்திரத்தை மறவாது கொண்டுவருக.

விமான மைல் புள்ளிகளுக்கு வருவோம். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டத்தின் வழியே உலக விமான சேவைகள் பலவும் இம்முறையைக் கைக்கொண்டன. நம் ஸ்ரீலங்கன் விமான சேவைக்கும் ‘பிளைஸ்மைல்ஸ்’ என்னும் திட்டம் உண்டு. அச்சேவை 2014இல் ‘வன்வேர்ள்ட்’ கூட்டணியிற் சேர்ந்தது. ஒரு கூட்டணியின் சேவைகளிற் பறப்போர் புள்ளிகளைப் பல கணக்கிற் சிதறவிடாது ஒரே கணக்கிற் சேர்ப்பாராயின், சிறுதுளி பெருவெள்ளம் ஆகும். புள்ளியின் பெறுமதியை அறியும் வழி இது: காசுக்கு வாங்கும் சீட்டின் விலையிலிருந்து, புள்ளிச் சீட்டுக்கும் கட்டவேண்டிய வரியைக் கழித்து, எஞ்சியதைப் புள்ளித்தொகையால் வகுக்க. சீட்டு 90,000 ரூபா, வரி 30,000 ரூபா, புள்ளி 30,000 எனின் ஒரு புள்ளி 2 ரூபா பெறும். அதே புள்ளிக்கும் வரிக்கும் 60,000 ரூபாச் சீட்டை எடுத்தால் 1 ரூபாவே பெறும். முன்னதற்கே புள்ளியைச் செலவிடுக. பின்னதற்குக் காசு கொடுக்க.

கடனட்டைப் புள்ளிகளில்தான் வள்ளுவரின் எச்சரிக்கை முழுதும் பலிக்கின்றது. 100,000 ரூபாச் செலவுக்கு 500 ரூபாப் பெறுமதியான புள்ளி கிடைக்கின்றது என்க. அத்தொகையை உரிய நாளில் முழுமையாகக் கட்டாது விட்டு, மாத வட்டி நூற்றுக்கு இரண்டு எனின், ஒரே மாதத்தில் 2,000 ரூபா போய்விடும். ஐந்நூறு பெற்று இரண்டாயிரம் கொடுப்பது வாணிகமாகாது. மாதக் கணக்கை முழுமையாகத் தீர்ப்பவர்க்கே புள்ளி பரிசு. ஏனையோர்க்கு அது தூண்டில்.

விற்போரும் கணக்கிற் பிழைபடுவதுண்டு. அதே அமெரிக்க நிறுவனம் 1981இல் வாழ்நாள் முழுவதும் முதல் வகுப்பிற் பறக்கும் சீட்டை 250,000 டொலருக்கு விற்றது. வாங்கியோர் சிலர் எல்லையின்றிப் பறக்கவே, 1994இல் விற்பனையை நிறுத்தியது. டிஸ்னிலாந்தும் பெருந்தொற்றுக் காலத்தில், 2021 சனவரியில், தன் ஆண்டுச்சீட்டுத் திட்டத்தை முடித்து வேறொரு திட்டத்தை அவ்வாண்டிலேயே தொடங்கியது. ஆதலின் விதிகளை மாற்றும் அதிகாரம் எப்பொழுதும் விற்பவர் கையிலேயே உள்ளதென அறிக.

இயற்கையும் அரசியலும் இவ்வாறே குறுக்கிடும். 1990இல் போரால் அறுந்த வடபாதை 2014இல்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2022இல் எரிபொருள் இன்றி வண்டிகள் நின்றன, கட்டணமும் ஏறிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளை மண்சரிவால் சிதைத்தது. முற்பணம் நீண்ட காலத்துக்குரியதாயின் இடரும் நீண்டதாகும். நிலைமை ஐயத்துக்குரிய காலத்தில் ஆண்டுச்சீட்டினும் மாதச்சீட்டே பாதுகாப்பு.

இதுகாறும் கூறியவை யாவும் முற்பணம் கையில் உடையார்க்கு. கையில் இல்லாதார் நிலை என்ன? நாட்கூலியில் வாழும் தந்தையிடம் மாதத் தொடக்கத்தில் 1,800 ரூபா ஒருங்கே இராது; நாள்தோறும் 120 ரூபா இருக்கும். இருபது நாளில் அவர் 2,400 ரூபா கொடுத்துவிடுவார். ஆகவே, இருப்பவன் 1,800க்குப் பெறும் பயணத்தை இல்லாதவன் 2,400க்குப் பெறுகின்றான். வறுமையின் மேல் விதித்த வரி என்றே இதனைக் கூறலாம். பள்ளி மாணவரின் பருவச்சீட்டுக்கு அரசு மானியம் வழங்குவதால், அதனைப் பெறாத மாணவனுக்கு இழப்பு இன்னும் மிகுதி. கலஹாவிலிருந்தும் ஹந்தானையிலிருந்தும் கண்டிப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளுள், அச்சிறு முற்பணம் இன்மையால் மாத முடிவில் வகுப்புக்கு வராது நிற்போர் இல்லையென எவரும் துணிந்து கூறார்.

பழைய மாணவர் சங்கம் இவ்விழாவாண்டில் ஒரு சுழல்நிதி அமைப்பதாயின் இக்குறை நீங்கும். மேற்காட்டிய கணக்கின்படி 18,000 ரூபா இருந்தாற் பத்து மாணவர்க்கு மாதத் தொடக்கத்தில் பருவச்சீட்டு எடுத்துக் கொடுக்கலாம். வாரம் 450 ரூபாவாக நான்கு வாரத்தில் பெற்றோர் திருப்பிக் கட்டுவர். நிதி குறையாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 600 ரூபா மிச்சமாகும். இது தருமம் அன்று, கைம்மாற்று. ஆதலின் வாங்குவோர் முகம் வாடவேண்டுவதில்லை. கடல் கடந்த அன்பர் ஒருவர் தம் ஆண்டுச்சீட்டில் வீணே கழியவிடும் தொகை, ஈண்டு ஒரு பிள்ளையை ஆண்டு முழுவதும் வகுப்பறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பயன்கொள்ளும் முறைகள் அனைத்தினும் தலையாயது இதுவென்றே யாம் கருதுகின்றோம்.